வாசகர் கேள்வி: அந்த இரவில் என்னுடன் நடந்தவர் யார்?

கேள்வி: மலையேற்றத்தின்போது உடன் வந்தவர்களைப் பிரிந்து, பனிமூட்டத்தில் ஓர் இரவு முழுவதும் வழி தெரியாமல் அலைந்தேன். நள்ளிரவுக்குப் பின், என் வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒருவர் நடந்து வருவதை உணர்ந்தேன். முகம் தெரியவில்லை; ஆனால் ‘உட்கார்ந்துவிடாதே, நட’ என்று அவர் சொல்வதுபோல் இருந்தது. விடிந்து, பாதை கண்ணில் பட்டபோது அவர் இல்லை. வீட்டில் தெய்வம் என்கிறார்கள்; நண்பர்கள் பிரமை என்கிறார்கள். இது மனநோயின் தொடக்கமோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடைசி வரிக்கே முதலில் வருகிறேன், உங்களை வருத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. கடுங்குளிரும் உறக்கமின்மையும் உயிரச்சமும் ஒன்றுசேர்ந்த ஓர் இரவில் வந்து, ஆபத்து நீங்கியதும் தானும் நீங்கிவிட்ட ஓர் உணர்வை மட்டும் கொண்டு மனநோய் என்று கருத வேண்டியதில்லை. மலையேறியவர்களும் தனியே கடல் கடந்தவர்களும் இதே அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அவற்றுள் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் அனுபவம். தென்துருவப் பயணத்தில் கப்பலைப் பனிக்கட்டிகளுக்குப் பறிகொடுத்த அவர், காத்திருந்த தோழர்களுக்கு உதவி தேடி, 1916 மே மாதத்தில் வோர்ஸ்லி, கிரீன் என்னும் இருவருடன் தென் ஜார்ஜியா தீவின் பனிமலைகளை 36 மணி நேரம் நடந்து கடந்தார். தாங்கள் மூவரல்லர், நால்வர் என்று வழியில் அவருக்குப் பலமுறை தோன்றியது. ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. பிற்பாடு வோர்ஸ்லி தாமாகவே அதைச் சொன்னார்; கிரீனும் ஒப்புக்கொண்டார். 1933-இல் எவரெஸ்ட்டில் தனியாக ஏறிக்கொண்டிருந்த பிராங்க் ஸ்மைத்தோ, உண்ண எடுத்த இனிப்பை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை உடன் வருபவருக்குக் கொடுக்கத் திரும்பியே விட்டார்.

நண்பர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2006-இல் ஓலாஃப் பிளாங்கே உள்ளிட்ட ஆய்வாளர்கள், வலிப்பு நோய்க்குப் பரிசோதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் மூளையில், இடப்பக்கத்துப் பொட்டு மடலும் சுவர் மடலும் சந்திக்கும் பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, தமக்குப் பின்னால் நிழல்போல் ஒருவர் இருப்பதாக அவர் கூறினார். அவர் உட்கார்ந்தால் அந்த நிழலும் உட்கார்ந்தது. நம் உடல் எங்கே இருக்கிறது, எப்படி அசைகிறது என்று மூளை ஓயாமல் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கு பிசகும்போது நம் உடலின் இருப்பே வேறொருவரின் இருப்பாகத் தோன்றிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். குளிரும் களைப்பும் உயர்ந்த மலைகளின் பிராணவாயுக் குறைவும் இத்தகைய பிசகுக்கு வழிவகுக்கக்கூடியவை.

ஆனால் இவ்விளக்கம் முக்கால் தூரம் வந்து நின்றுவிடுகிறது என்பதே என் கருத்து. அந்தப் பெண் உணர்ந்த நிழல் அவருக்குத் துணையாக இருக்கவில்லை. அது தம்மை அணைத்துக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை என்றே அவர் சொன்னார். ‘யாரோ இருக்கிறார்’ என்ற உணர்வு எங்கே பிறக்கிறது என்பதை ஆய்வு காட்டுகிறது. உங்களிடம் வந்தவர் ஏன் நடக்கச் சொன்னார் என்பதைக் காட்டவில்லை. பிழைக்க வேண்டும் என்ற உங்கள் உறுதியே ஓர் உருவம் பெற்று உங்களிடம் பேசியிருக்கலாம். இறையருள் என்று நம்புபவர்களையும் இந்த ஆய்வு மறுத்துவிடவில்லை. ஷாக்கிள்டனே தங்களை வழிநடத்தியது இறையருள் என்று உறுதியாக நம்பினார்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. உயரமான மலையில் இவ்வுணர்வு வந்தால், அதை மூளை தளர்ந்துவருவதன் அறிகுறியாகவும் எடுத்துக்கொண்டு, இயன்றால் கீழே இறங்கத் தொடங்குங்கள். அபாயம் ஏதுமில்லாத அன்றாட நேரங்களில் இது திரும்பத் திரும்ப வந்தால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பார்க்கின்சன் போன்ற சில நோய்களிலும் இவ்வுணர்வு தோன்றுவதுண்டு.

மற்றபடி, அந்த இரவில் நடந்ததை உங்களுக்கு நினைவிருக்கும்படியே, யாருடைய விளக்கத்தையும் கலக்காமல், இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். வீட்டாரும் நண்பர்களும் சொல்லிச் சொல்லி அந்தக் குரலின் சொற்கள் உங்களுக்கே மாறிப்போவதற்கு முன்பு அதைச் செய்துவிட வேண்டும்.