நாவலில் படித்த ஷெர்லாக் ஹோம்ஸ், டிவி தொடரில் ஏன் வேறு ஆளாகத் தெரிகிறார்?

காரணம் ஹோம்ஸின் நண்பர் வாட்சன்தான். ஹோம்ஸை உருவாக்கிய எழுத்தாளர் கோனன் டாயிலின் கதைகளில் பெரும்பாலானவற்றை அவர்தான் சொல்கிறார், அதனால் ஹோம்ஸின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது நமக்குக் கடைசியில்தான் தெரியவரும். கேமராவுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. 2010-ல் வந்த பிபிசி தொடரின் முதல் பகுதியில், இறந்துகிடக்கும் பெண்ணின் மோதிரத்தை ஹோம்ஸாக வரும் பெனடிக்ட் கம்பர்பாட்ச் உற்றுப் பார்ப்பார். உள்பக்கம் சுத்தம், வெளிப்பக்கம் அழுக்கு என்று அவர் கவனிப்பதெல்லாம் திரையிலேயே எழுத்தாக மிதக்கும். வாட்சன் எழுதவேண்டியதை எடிட்டர் எழுதிவிடுகிறார், அவ்வளவுதான்!

1984-ல் தொடங்கிய கிரனடா தொடரில் ஹோம்ஸாக நடித்த ஜெரமி பிரெட்டுக்கு இந்த வித்தையெல்லாம் இல்லை. சட்டென்று ஒரு சிரிப்பு, விரல் அசைவு, நீண்ட மௌனம். என் ஓட்டு அவருக்குத்தான். அப்புறம், 2012-ல் வந்த ‘எலிமென்ட்ரி’ தொடரில் வாட்சனே பெண்ணாகிவிட்டார். சரி, அதுவும் பழகிவிட்டது.