பாரிஸ் மெட்ரோவில் தள்ளுவண்டி சரிவருமா?

பாஸ்டில் பக்கம் தங்கி, 2 வயது மகளைத் தள்ளுவண்டியில் வைத்து மெட்ரோவில் தனியாகச் சுற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. 14ஆம் லைனைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் படிக்கட்டுதான். பஸ்ஸைப் பிடியுங்கள். 69ஆம் நம்பர் பாஸ்டிலிலிருந்து லூவர் மியூசியம் வழியாக ஈஃபில் கோபுரம் அருகே போகும். நடுக்கதவில் ஏறி, வண்டிக்கான இடத்தில் நிறுத்திப் பிரேக் போடுங்கள். 4 வயதுக்குள் டிக்கெட் கிடையாது.

பல உணவகங்களில் 2 மணிக்கு அடுப்பை அணைத்தால் ராத்திரி 7க்குத்தான். குழந்தை தூங்கி எழுந்து 4 மணிக்குப் பசி என்றால் திண்டாட்டம். தயிர், வாழைப்பழம், பிரெட் கையிலிருக்கட்டும்.

தெருவோரத் தானியங்கிக் கழிப்பறை இலவசம். முந்தினவர் வெளியே வரும்போதே கதவைப் பிடித்துக்கொண்டு நுழையாதீர்கள். ஒவ்வொருவருக்குப் பிறகும் கதவு மூடி உள்ளே தானாகக் கழுவும், அது முடியட்டும். பச்சை விளக்கு எரிந்த பிறகு பொத்தானை அழுத்துங்கள். குழந்தைக்கு மாற்றுத்துணி ஒரு செட் எப்படியும் வேண்டும்.