குழந்தைகள் என்றால் உயிர், ஊசியைப் பார்த்தால் அழுகை!

கேள்வி: அன்புள்ள சிஸ்டருக்கு, நான் பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே குழந்தைகள் என்றால் எனக்கு உயிர். சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் என் மடியில்தான் வளர்ந்தன. குழந்தைகள் மருத்துவத்துறையில் ஏதாவது ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆனால் ஒரு குழந்தைக்கு ஊசி போடுவதைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்துவிடும். 'இந்த மனசை வைத்துக்கொண்டு அங்கே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாய்' என்கிறார் அம்மா. அவர் சொல்வது சரியா? டாக்டர், நர்ஸ் தவிர வேறு வேலைகள் உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் அழுகையைப் பற்றி அம்மாவுக்குக் கவலை. எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. 'என் மடியில்தான் வளர்ந்தன' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசித்தேன்.

சொந்தக்காரக் குழந்தைகளுக்கு உங்களைப் பிடிக்கும். நீங்கள் உள்ளே நுழைந்ததும் ஓடி வருவார்கள். வார்டில் கதை வேறு. யூனிஃபார்மைப் பார்த்ததும் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் குழந்தைகள்தான் அங்கே அதிகம். அடிக்கடி சிகிச்சைக்கு வந்து பழகிய குழந்தைக்கு மருந்து ட்ரேயின் சத்தமே போதும், அழ ஆரம்பித்துவிடும். காலையில் உங்களோடு சிரித்து விளையாடிய அதே குழந்தை, மதியம் ட்ரிப்ஸ் மாற்றப் போனால் 'போ, வராதே' என்று கையைத் தட்டிவிடும். சில நேரம் கடித்தும் வைக்கும். உங்களைக் கண்டாலே ஆகாத ஒரு குழந்தைக்கு வேண்டியதை எல்லாம் முகம் சுளிக்காமல் செய்ய முடியுமா? இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். குழந்தைகளின் பாசத்தை எதிர்பார்த்து வந்து, அது கிடைக்காமல் சீக்கிரமே சோர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுகிறவர்கள் பெரும்பாலும் தங்கிவிடுகிறார்கள்.

அழுகைக்கு வருவோம். குழந்தைக்கு வலிக்கிறது என்பது உங்களுக்கு உறைக்கிறது, அதனால் அழுகிறீர்கள். மருத்துவத்துறைக்கே இது உறைக்க ரொம்ப காலம் ஆனது தெரியுமா? பச்சிளங்குழந்தையின் நரம்பு மண்டலம் முழுதாக வளர்ந்திருக்காது, அதனால் வலி அவ்வளவாகத் தெரியாது என்ற நம்பிக்கையில், 1980-கள் வரைகூடப் பல இடங்களில் போதுமான வலிநிவாரணம் இல்லாமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987-ல் ஆனந்த், ஹிக்கி என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையைப் பலமாக அசைத்தது. பிறந்த குழந்தையின் உடலும் வலிக்குத் தெளிவாகவே எதிர்வினை காட்டுகிறது என்று சான்றுகளோடு சொன்னது. பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளக்க இன்று முறைகளே இருக்கின்றன. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவது அதில் ஒன்று.

அளந்தால் மட்டும் போதாது, ஏதாவது செய்ய வேண்டும். ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பைத் தடவலாம். கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் குடிக்கும்போதே ஊசி போட்டுவிடலாம். நாலு பேர் சேர்ந்து மேஜையில் அமுக்கிப் பிடிப்பதற்குப் பதிலாக, அம்மா மடியில் நிமிர்ந்து உட்கார வைத்து, அவர் அணைத்துக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம். அவசரத்தில் களிம்பை மறந்துவிடுகிற வார்டில், 'தடவியாச்சா?' என்று கேட்கிற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

டியூட்டி முடிந்து பாத்ரூமில் அழாத ஆள் எங்கள் துறையில் அபூர்வம். ஆனால் ஊசிக்கு முன்னால் குழந்தை எதிரில் மட்டும் அழக் கூடாது. அது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்களே கலங்கினால் என்னவோ பெரிதாக நடக்கப்போகிறது என்று முடிவு கட்டிவிடும். இது பழக்கத்தில் வந்துவிடும், பயப்படாதீர்கள். இன்னொன்று, 'வலிக்கவே வலிக்காது' என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். 'சுருக்கென்று இருக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஒருமுறை ஏமாந்த குழந்தை அடுத்து வருகிற எவரையும் நம்பாது.

இனி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிற விஷயம்: கணக்கு. பெரியவர்கள் வார்டில் பல மருந்துகளுக்கு ஒரு மாத்திரை, ஒரு ஆம்பூல் (ஊசி மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) என்று பொதுவான அளவு இருக்கும். குழந்தைகளுக்கு அநேகமாக எல்லாமே எடையைப் பொறுத்தது. பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு வழக்கமாக 10 முதல் 15 மில்லிகிராம். ஒரே மருத்துவமனையில் ஒரு கட்டிலில் 3 கிலோ குழந்தை இருக்கும், இன்னொன்றில் 50 கிலோ எடையுள்ள பதினைந்து வயதுப் பையன் இருப்பான். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். பெரியவர்களுக்குப் பத்து மடங்கு கொடுக்கப் பல ஆம்பூல்களை உடைக்க வேண்டும், அப்போதே ஏதோ தப்பு என்று கைக்குத் தெரிந்துவிடும். சின்னக் குழந்தைக்கு அந்தப் பத்து மடங்கு ஒரே சிரிஞ்சில் அடங்கிவிடும், சந்தேகமே வராது. அதனால்தான் ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கிறோம்.

இரத்தமும் அப்படித்தான். பிறந்த குழந்தையின் உடலில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி இரத்தம் இருக்கும். குறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம், அப்படியும் ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு மொத்தமே 100 மில்லியை ஒட்டித்தான். பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு துளிக்கும் கணக்கு வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பள்ளிக்கூடக் கூட்டல், பெருக்கல், வகுத்தல் போதும். விடிகாலை மூன்று மணிக்கும், பக்கத்தில் மானிட்டர் அலறும்போதும் அது தப்பாமல் வர வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். பெரியவருக்கு நாடித்துடிப்பு 140 என்றால் பதறுவோம், பிறந்த குழந்தைக்கு அது சாதாரணம். இருமலோடு வரும் குழந்தைக்கு மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவோம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, இந்த எண்களைத் தொட்டாலே அது வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. இதற்குத் தேவை ஒரு கைக்கடிகாரமும், குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டுப் பொறுமையாகப் பார்க்கும் கண்ணும்தான். குழந்தையின் உடல் ரொம்ப நேரம் சமாளித்துக்கொண்டே போய்த் திடீரென்று விழுந்துவிடும். இரத்த அழுத்தம் குறையும்வரை காத்திருந்தால் அநேகமாகத் தாமதமாகிவிட்டது என்று பொருள். வீறிட்டு அலறும் குழந்தை அலறட்டும், சத்தமே இல்லாமல் துவண்டு கிடக்கிற குழந்தையின் கட்டிலுக்குத்தான் நாங்கள் முதலில் ஓடுவோம்.

அப்புறம், பெற்றோர். குழந்தைகளோடு வேலை என்று நினைத்து வருகிறவர்கள் பாதி நேரம் பெரியவர்களோடுதான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பெற்றோரை வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் கொஞ்ச நேரம் மட்டும் அனுமதித்த வார்டுகள் இருந்தன. அவர்கள் வந்து போனால் குழந்தை அழுகிறது என்பது காரணம்! ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ல், மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட ஒரு இரண்டு வயதுக் குழந்தை நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதைப் படம் பிடித்துக் காட்டினார். மருத்துவ வட்டாரத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு. 1959-ல் பிரிட்டிஷ் அரசுக் குழு ஒன்று கொடுத்த பிளாட் அறிக்கைதான் பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்கச் சொன்னது.

இன்று அவர்கள் கட்டிலருகிலேயே இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். நீங்கள் இரத்தக்குழாய் கிடைக்காமல் இரண்டாவது முறை குத்துவதையும் அவர்கள்தான் பார்ப்பார்கள். திட்டுவார்கள். கத்துகிற அப்பா முக்கால்வாசி பயந்துபோன அப்பா. பதிலுக்குக் குரலை உயர்த்தினால் காரியம் கெட்டுவிடும். ஆனால் 'என்னவோ எப்பவும்போல இல்லை சிஸ்டர்' என்று ஒரு அம்மா சொன்னால், மானிட்டரில் எல்லாம் சரியாக இருந்தாலும் போய்ப் பாருங்கள். அந்தக் குழந்தையை அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அரிதாக, இன்னும் புரளக்கூடத் தெரியாத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன தடம் இருக்கும், பெற்றோர் சொல்லும் காரணம் காயத்தோடு பொருந்தாது. அப்போது யாரையும் குற்றவாளியாக்காமல், பார்த்ததை அப்படியே எழுதிவைத்து, உரியவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பல நாடுகளில் அது சட்டப்படியான கடமை. இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான், ஆனால் விலக்கிவைக்க முடியாது.

சாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அம்மாவின் மனதில் அதுதான் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுவார்கள், அதுவும் ஆச்சரியப்படும் வேகத்தில். காலையில் துவண்டு வந்தது மாலையில் வராந்தாவில் ஓடும். 1940-களில் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில மாதங்களில் இறந்துவிடுவதே வழக்கமாக இருந்தது. சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-ல் வெளியிட்ட சிகிச்சை முடிவுகள் தற்காலிக நிவாரணத்தைத்தான் காட்டின, ஆனால் வழி திறந்தது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்று வகையில், முழுச் சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பத்தாவது குழந்தையும் உங்கள் வார்டில்தான் இருக்கும். அது பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலைக்குச் சேரும் இடத்தில், ஒரு குழந்தை இறந்தால் மறுநாள் குழுவாக உட்கார்ந்து பேசுகிறீர்களா என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

சரி, வேறு வேலைகள். குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட், உணவியல் நிபுணர், மருந்தாளுநர், பல் மருத்துவர், மனநல ஆலோசகர் எல்லாம் உண்டு. ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் இணைத்துச் செய்யத் தெரியாத குறைமாதக் குழந்தைக்குப் பால் குடிக்கப் பழக்குவதும் பல இடங்களில் அவர் வேலைதான். ஆடியாலஜிஸ்ட், தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சின்னக் கருவியை வைத்துச் சில நிமிடங்களில் கேட்கும் திறனைச் சோதித்துவிடுவார். ஊசியே இல்லாத வேலை! சில நாடுகளில், அறுவை சிகிச்சைக்கு முன் பொம்மைகளை வைத்து விளையாட்டாகவே குழந்தையைத் தயார்ப்படுத்துவதற்கென்று தனிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அந்த வேலைதான். சமூக சுகாதாரப் பணியையும் குறைவாக நினைக்காதீர்கள். உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1990-ல் ஆண்டுக்கு 1.2 கோடிக்கு மேல் இருந்தது, 2022-ல் 50 லட்சத்துக்குக் கீழே வந்தது. தடுப்பூசி, உப்பு-சர்க்கரைக் கரைசல் போன்ற எளிய விஷயங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் பெரிய மருத்துவமனைக்காரர்கள் அல்ல.

டாக்டராக வேண்டுமானால் அடிப்படைப் படிப்பு, அதற்குமேல் குழந்தை மருத்துவம் என்று பத்து வருடத்தை ஒட்டிப் போய்விடும். அத்தனை படித்தும், குழந்தையின் பக்கத்தில் நர்ஸ் இருக்கும் நேரம் டாக்டருக்குக் கிடைக்காது. எது வேண்டும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பல நாடுகளில் பொதுப் படிப்பு முதலில், குழந்தைகள் பிரிவு பிறகுதான். ஆகவே இப்போதே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டிய அவசரம் இல்லை. நர்சிங் படித்தால் முதலில் கொஞ்ச காலம் பெரியவர்கள் வார்டில் வேலை பாருங்கள் என்பது என் கட்சி. இதை மறுக்கிற சீனியர்களும் உண்டு.

விடுமுறையில் உங்களுக்குச் சொந்தமில்லாத குழந்தைகளோடு இருந்து பாருங்கள். மருத்துவமனை விளையாட்டு அறை, சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி என்று எங்கே தன்னார்வலராக எடுத்துக்கொள்கிறார்களோ அங்கே போங்கள். கைக்குழந்தைகளோடு மட்டும் நிற்காமல், அம்மா பக்கத்தில் இருந்தால் வாயே திறக்காத பதினைந்து வயதுக்காரர்களோடும் பேசிப் பாருங்கள், அவர்களும் எங்கள் நோயாளிகள்தான். வீட்டுக்கு வந்ததும் உங்களை அதிகம் களைக்க வைத்தது குழந்தைகளா, கூட வந்த பெரியவர்களா என்று எழுதி வையுங்கள். இந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், நைட் டியூட்டி முடித்து வெளியே வருகிறவரைப் பிடியுங்கள். மறைக்காமல் சொல்லுவார். அந்தக் குறிப்புகளோடு மறுபடி எழுதுங்கள், எந்தப் படிப்பு என்று அப்போது பேசலாம்.