சனிக்கிழமை காலை ஜெனரேட்டர்

"நாங்கள் 14 வருடமாக நைஜீரியாவில், லாகோஸில் இருக்கிறோம். கணவர் இலுபெஜுவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மேனேஜர். மகளுக்கு 20 வயது. இங்கேயே பல்கலைக்கழகத்தில் அக்கவுண்டிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். திடீரென்று படிப்பை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போகிறேன் என்கிறாள். யாரோ தைவோ அஜாயி லைசெட் என்று ஒரு நடிகையாம், அவரைப் போல மேடை, சினிமா, டிவி என்று எல்லாம் செய்ய வேண்டுமாம். காலேஜ் ரேடியோவில் சனிக்கிழமை காலை ஏதோ புரோகிராம் வேறு செய்கிறாள். அந்த நேரத்தில் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவோம், அதனால் நாங்கள் கேட்டதில்லை. இரவு சீரியல் முடிந்து படுத்தால் தூக்கமே வருவதில்லை. அவள் மனதை எப்படி மாற்றுவது?"

— ஒரு தாய், லாகோஸ்

சகோதரி,

இதே கடிதம் எனக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. பிள்ளை படம் வரைகிறான், பெண் பாடப் போகிறேன் என்கிறாள், மனதை மாற்ற வழி சொல்லுங்கள் என்று. எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று எழுதி உங்களைத் தூங்க வைக்க எனக்கு விருப்பமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஜெனரேட்டர் வரிதான். ரேடியோ கேட்க ஜெனரேட்டர் எதற்கு? கையில் இருக்கிற போன் போதும். இரவு சீரியலுக்கு ஓடுகிற ஜெனரேட்டர், உங்கள் மகள் பேசுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஓடாது என்றால், டீசல் விலை அதற்குக் காரணம் இல்லை. கேட்டுவிட்டால், நன்றாகப் பேசுகிறாளே என்று மனம் இளகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். தினமும் இரவு நீங்கள் பார்க்கிற சீரியலில் அழுகிற பெண் யார்? அவளும் ஒரு தாய் பெற்ற பெண்தான். அவள் நடிப்பை ஒரு நாள் விடாமல் பார்க்கிறீர்கள். உங்கள் வயிற்றில் பிறந்தவள் அதே தொழிலின் பெயரைச் சொன்னால் தூக்கம் போய்விடுகிறது. இது நியாயமில்லை.

'யாரோ தைவோ அஜாயி லைசெட்' என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் யாரோ இல்லை. நீங்கள் இருக்கிற லாகோஸில் 1941-இல் பிறந்தவர். யொரூபா மக்கள் இரட்டைக் குழந்தைகளில் முதலில் பிறப்பதற்கு வைக்கிற பெயர் தைவோ. உலகத்தை முதலில் ருசி பார்த்த பிள்ளை என்று பொருள். 14 வருடத்தில் இந்தப் பெயர் உங்கள் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும்! நைஜீரியாவின் முதல் தொலைக்காட்சி நிலையம் 1959-இல் இபாடானில் தொடங்கியபோது அவருக்கு 18 வயது. டிவியில் வருவது ஒரு பிழைப்பு என்று சொன்னால் அன்று யார் நம்பியிருப்பார்கள்? அவர் லண்டனுக்குப் போனதும் பிசினஸ் படிக்கத்தான். உங்கள் வீட்டுக் கதைதான் அது.

25 வயதில், 1966-இல், லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்காவின் நாடகத்தில் மேடை ஏறினார். அப்புறம் நாடகம், தொலைக்காட்சி, பத்திரிகை, நிகழ்ச்சித் தொகுப்பு என்று தொழில் விரிந்துகொண்டே போனது. 'ஆஃப்ரிக்கா உமன்' என்ற பத்திரிகையின் முதல் ஆசிரியர் அவர்தான். 2006-இல் நைஜீரிய அரசு 'ஆர்டர் ஆஃப் த நைஜர்' விருது கொடுத்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் படங்களில் நடித்தார். பெண்பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போனால் வாழ்க்கை வீணாகும் என்கிற பேச்சை இவர் வாழ்ந்த ஊரில் இருந்துகொண்டு பேசாதீர்கள்.

இப்போது மகளுக்கு. இந்தப் பகுதியை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

அம்மா, நீ கொண்டாடுகிறவர் மேடை ஏறியது 1966-இல். லண்டன் ஹெண்டன் கல்லூரியில் பிசினஸ் டிப்ளமா வாங்கியது 1969-இல். நாடகம் கிடைத்துவிட்டது என்று அவர் படிப்பைத் தூக்கி எறியவில்லை. உனக்கு மட்டும் என்ன அவசரம்? அப்பா 14 வருடம் பிளாஸ்டிக் சூட்டில் நின்று கட்டிய பீஸ் அது. மூன்று வருடம் கட்டவிட்டு, பாதியில் எழுந்து போகிற உரிமை உனக்கு இல்லை என்பது என் கட்சி. முடித்துவிட்டுப் போ. நாடகக் குழுவுக்கும் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். உன் சம்பளத்தில் யாரும் கை வைக்காமல் இருக்கவும் அது வேண்டும்.

சனிக்கிழமை நிகழ்ச்சியைச் சின்ன விஷயமாக நினைக்காதே. நைஜீரிய நடிகர் பீட் எடோச்சியை உனக்குத் தெரியும். அவர் 1967-இல் இருபது வயதில் ரேடியோவில் சேர்ந்தார். எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவல் நைஜீரியத் தொலைக்காட்சியில் தொடராக வந்து, அதில் கதாநாயகன் ஒகொன்க்வோவாக நடித்து நாடே அவர் முகத்தை அறிந்துகொண்டபோது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. அதுவரை அந்தக் குரல் எங்கே பழகியது என்று நினைக்கிறாய்? மைக் முன்னால்தான். முகத்தைக் காட்டிச் சமாளிக்க முடியாத இடம் அது. எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லில் நிற்பது, கோபத்தைக் கத்தாமல் எப்படிக் காட்டுவது என்று எல்லாவற்றையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். ஒரு வாரம்கூட விடாமல் செய். தயார் செய்யாமல் போய் உட்காராதே.

மறுபடி உங்களுக்கு, சகோதரி. மனதை மாற்ற வழி கேட்டீர்கள். ஒரு தடவைகூடக் காது கொடுத்துக் கேட்காத குரலை வேண்டாம் என்று சொல்ல, பெற்றவளாகவே இருந்தாலும் உங்களுக்கு உரிமை கிடையாது. சோறு போடுவதும் பீஸ் கட்டுவதும் மட்டும் கடமை இல்லை. பிள்ளை என்னவாக இருக்கிறது என்று பார்ப்பதும் கடமைதான். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், அவளோடு சண்டைகூடப் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

வருகிற சனிக்கிழமை உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் ஷிப்டு என்பார். ஒரு நாள் தாமதமாகப் போகட்டும். நிகழ்ச்சி முடிகிறவரை அடுப்பங்கரைக்கு எழுந்து போகாதீர்கள். முடிந்ததும் அவளுக்குப் போன் செய்து, எந்த இடத்தில் சிரித்தீர்கள், எந்த இடத்தில் புரியவில்லை என்று அதை மட்டும் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு, ஊரில் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பேச்சு எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

அதற்கப்புறம் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அவள் என்ன பேசினாள் என்று அதில் இருக்க வேண்டும்.