விபத்து வழக்கில் ஸ்டேஷனில் நிற்கும் காரை மீட்பதா, இருக்கிற நிலையிலேயே விற்றுவிடுவதா?

மீட்டுவிடுங்கள். விற்கிற எண்ணம் இருந்தாலும் வெளியே எடுத்த பிறகு விற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் யாரோ ஒருவர் ஏற்கெனவே வந்து விலை பேசியிருப்பார். எங்களிடமும் வந்தார்கள். உங்களுடையது சாதாரண விபத்து வழக்கு, ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) உங்கள் பெயரிலோ வீட்டில் ஒருவர் பெயரிலோ இருக்கிறது, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கஞ்சா, சாராயம், மணல் என்று பிடிபட்ட வண்டி பறிமுதல், ஏலம் வரைக்கும் போகலாம். அதற்கு என் அனுபவம் உதவாது, நேராக வக்கீலைப் பாருங்கள்.

எங்களுக்கு நடந்தது 2024 மழைக்காலத்தில். தம்பி அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தான். விழுப்புரம் தாண்டி, இருட்டில், மீடியன் இடைவெளி வழியாக ஒரு டூவீலர் குறுக்கே வந்துவிட்டது. ஓட்டி வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. 108-க்குப் போன் போட்டு அவரை ஏற்றி அனுப்பியது தம்பிதான். மனுஷன் அடிபட்டுக் கிடக்கும்போது காரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனோம், அவர் குடும்பத்தோடு இன்றும் பேச்சுவார்த்தை இருக்கிறது. அவருக்கான நஷ்டஈடு வழக்கு தீர்ப்பாயத்தில், நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான எங்கள் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மூலம் நடக்கிறது. கார் ஸ்டேஷனில் துருப்பிடிப்பதால் அவருக்கு ஒரு ரூபாய்கூடச் சேராது.

அந்தச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுங்கச்சாவடியில் ஒவ்வொரு தடவையும் காசு பிடிக்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலும் பள்ளிக்கூடமுமாக இருக்கிற ஊர்களில் மக்கள் எப்படிக் கடப்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. சுரங்கப்பாதை கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிகளுக்கு நடுவே அரிசி மூட்டையோடு கடக்கிறார்கள். விபத்து நடந்தால் ஓட்டுநர் மேல் ஒரு எஃப்ஐஆர், அத்தோடு முடிந்தது. விளக்கு போடாதவர்கள் மேல் யார் வழக்குப் போடுவது?

சரி, காருக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 136ஆம் பிரிவின்படி, விபத்து வண்டியை ஆய்வுக்கு எடுத்துப் போனால் நடைமுறைகள் முடிந்து 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்து பார்த்து, இயந்திரக் கோளாறால் விபத்து நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஸ்டேஷனில் "கோர்ட்டுல பார்த்துக்கோங்க" என்றுதான் சொன்னார்கள். எல்லா ஸ்டேஷனும் அப்படி என்று சொல்லமாட்டேன். என் நண்பனுக்கு வேறு மாவட்டத்தில் ஆவணங்களைப் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாளே கொடுத்துவிட்டார்கள்.

வேப்பமரத்தடியில், மழையில் கார் நின்றது. பேட்டரி போயிற்று. வயரிங்கை எலி கடித்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒருவர் அப்பாவிடம் வந்தார். "எண்பதாயிரம் தர்றேன் சார், ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போடுங்க, கோர்ட்டு கேஸெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்." சித்தப்பாவும் "ரத்தம் பட்ட வண்டி வீட்டுக்கு ஆகாதுண்ணே, தலைமுழுகிடு" என்றார். அப்பா கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய 2017 வேகன் ஆர் அது. "நான் திருடிக்கிட்டா வந்தேன், விட்டுட்டு ஓடுறதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அன்று அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

கோர்ட்டில் நாங்கள் போட்டது இடைக்காலமாக வண்டியைக் கேட்கும் மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497. பொருளைக் கோர்ட்டில் ஆஜர்படுத்திய 14 நாளில் அதன் விவரப் பட்டியல், பிறகு படம், அதிலிருந்து 30 நாளில் உத்தரவு என்று அந்தப் பிரிவே கெடு வைக்கிறது. வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட காலம் போட்டு வைக்காதீர்கள், படமெடுத்துக்கொண்டு பிணைப் பத்திரத்தில் விடுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. மனுவை ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் போட வேண்டும். அப்பா எழுபது வயதில் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று தன் வண்டி என்று சொன்னார். ஜாமீன்தாரராகச் சித்தப்பாவே வந்தார்.

விடும்போது நிபந்தனை போடுவார்கள்: விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும். இதைத்தான் புரோக்கர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டுத் தனி மனுப் போடலாம்.

வக்கீல் செலவு, பேட்டரி, டயர் எல்லாம் சேர்த்தும் அந்த எண்பதாயிரத்துக்குக் கிட்டேகூட வரவில்லை. முன்பக்கச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கொடுத்தது. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள், அது பாலிசியிலேயே இருக்கிறது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய கார் என்றால் உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். மூன்று வருடம் என்பது தேர்டு பார்ட்டிக்கு மட்டும் இருக்கலாம், சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடத்தோடு முடிந்திருக்கலாம். அப்படி முடிந்துபோய், வண்டியும் பழசாகி, பழுதுச் செலவு வண்டி விலையைத் தாண்டினால் விற்பதில் தப்பே இல்லை. அப்போதும் கோர்ட் உத்தரவோடு வெளியே எடுத்து, பெயர் மாற்றி விற்க வேண்டும்.

பெயர் மாற்றாமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு 2018-ல் நவீன் குமார் வழக்குத் தீர்ப்பு இருக்கிறது. வண்டி எத்தனை கை மாறினாலும் ஆர்டிஓ பதிவில் யார் பெயரோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு அவர் தலையில் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்கிப்போனவன் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி யாரையாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

அதனால் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 எதிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். இன்றே ஸ்டேஷனுக்குப் போய், அனுமதி கேட்டு, கிலோமீட்டர் மீட்டர், நான்கு டயர், ஸ்டெப்னி, பேட்டரி, மியூசிக் சிஸ்டம் எல்லாவற்றையும் தேதி தெரியப் படமெடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். கடன் இருந்தால் தவணையை நிறுத்தாதீர்கள், கார் ஸ்டேஷனில் நின்றாலும் வட்டி நிற்காது.