பாடிக் காட்டினால்தான் பேராசிரியர்

தம்பி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் பிஎச்.டி. முடித்து, போஸ்ட்டாக் வேலைக்காக ஜெர்மனி வந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறாய். “அண்ணா, இங்கேயே பேராசிரியர் ஆக முடியுமா?” என்பது உன் கேள்வி. முடியும். ஆனால் ஒரே இடத்தில் சேர்ந்து படிப்படியாக மேலே போகும் நம் ஊர் வழி இங்கே அபூர்வம்.

முதலில் காலக்கணக்கு. பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்தில் தற்காலிக ஒப்பந்தம் போட, பிஎச்.டி.க்குப் பிறகு பொதுவாக 6 வருஷம்தான் சட்டம் விடுகிறது. குழந்தை பிறந்தால் ஒரு குழந்தைக்கு 2 வருஷம் கூடும். வெளி நிதி ப்ராஜெக்டுக்கு விதி வேறு. அந்த ஆறு வருஷத்துக்குள் உனக்கென்று ஒரு ஆராய்ச்சிக் குழு வேண்டும். இளம் ஆய்வாளர் சொந்தக் குழு அமைக்கத் தரும் எம்மி நோட்டர் நிதி, ஜூனியர் பேராசிரியர் பதவி, பிஎச்.டி.க்கு மேல் பேராசிரியர் தகுதிக்கான பழைய ஹாபிலிட்டாட்சியோன் என்று மூன்று வாசல்கள் உண்டு.

உன் பாஸுக்கு உன்னைப் பிடித்திருந்தாலும் அங்கேயே பேராசிரியர் நாற்காலி கிடைப்பது கடினம். சொந்தத்தில் பெண் எடுக்க மாட்டார்கள்! டெனியூர் டிராக், அதாவது சோதனைக் காலம் தாண்டினால் நிரந்தரம், என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

அப்புறம் நேர்காணல். இதற்கு இவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘ஃபோர்ஸிங்கன்’, அதாவது பாடிக் காட்டுவது. பெண் பார்க்க வந்தவர்கள் “ஒரு பாட்டுப் பாடும்மா” என்பார்களே, அதேதான். ஆராய்ச்சி உரை ஒன்று, மாதிரி வகுப்பு ஒன்று, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேள்விகள். மாணவர் பிரதிநிதிகளும் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பார்கள். நைட்ரஜன் உள்ள இரண்டு வளைய மூலக்கூறுகளில் பிரிடின் காரம் (பேஸ்), பிரோல் ஏன் அப்படி இல்லை என்று எனக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். தண்ணீர் பட்ட பாடு. கரும்பலகையில் வளையம் போட்டு, பிரோலின் தனி எலக்ட்ரான் ஜோடி வளையத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது என்று வேகமாகப் போனேன். வேகத்தில் ஜெர்மனில் ‘ஷ்டிக்ஷ்டோஃப்’ என்பதற்குப் பதில் நைட்ரஜன், நைட்ரஜன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசை மாணவி ஏதோ குறித்துக்கொண்டாள். இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான், தம்பி.

கடைசியில் வழக்கம்போல மூன்று பெயர்ப் பட்டியல். நான் இரண்டாவது; முதல் ஆள் மறுத்தால்தான் எனக்கு. முதல் ஆள் எட்டு மாதம் பேரம் பேசி, ஒப்புக்கொண்டார். இன்று வேறு ஊரில் மாணவர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் நிரந்தர வேலையில் இருக்கிறேன். வருத்தமில்லை என்று சொன்னால் பாதி பொய்.

என்னிடம் இல்லாமல்போனது சொந்த யோசனை. ஜெர்மன் வேதியியலாளர் பெஞ்சமின் லிஸ்டைப் பார். 1997-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிஎச்.டி., பிறகு அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே உதவிப் பேராசிரியராக இருந்தபோது, உடம்பில் இருக்கும் சாதாரண புரோலின் அமினோ அமிலமே வினையூக்கியாகும் என்று 2000-இல் காட்டினார். 2003-இல் ம்யூல்ஹைம் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கு வந்துவிட்டார். நோபல் 2021-இல்தான். நானோ என் பாஸின் பலேடியம் வினையின் வாலையே பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

சரி, உன் ஒப்பந்தத்தை எடு. எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். அதை எழுது, மீதி வருஷங்களைக் கணக்குப் போடலாம்.