வாசகர் கேள்வி பதில்: இடையில் சேர்ந்தவருக்குத் துணை யார்?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்ற என் மகள், சில பாடங்களில் விலக்குப் பெற்று, பொறியியல் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள். மூத்த மாணவி ஒருவரை அவளுக்கு வழிகாட்டியாக நியமித்திருக்கிறார்கள். அந்தப் பெண் எப்போதாவது "எப்படி இருக்கிறாய்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பதோடு சரி. இதனால் என்ன பயன்?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அப்படிப் பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்ற பதில்தான் வரும், அம்மா. குறையை வழிகாட்டியின் மேல் மட்டும் போட வேண்டாம். உங்கள் மகளும் குறிப்பாக ஒன்றைக் கேட்க வேண்டும்.

தொழிற்கல்லூரியில் சிறிய வகுப்பு. வராவிட்டால் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்திலோ நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரை மண்டபம், ஆளுக்கொரு கால அட்டவணை. போதாததற்கு, உடன் படிப்பவர்கள் முதலாண்டின் அறிமுக முகாமிலும் விடுதியிலும் ஏற்கெனவே நண்பர்களாகிவிட்டவர்கள். முதல் டியூட்டோரியலில், அதாவது சிறுகுழு வகுப்பில், "நால்வர் நால்வராகக் குழு அமையுங்கள்" என்று சொன்ன மறுகணமே நாற்காலிகள் நகர்ந்துவிடும். புதியவர் மட்டும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருப்பார். அந்த வகுப்புக்கு வரும் ஒருவரையாவது முன்கூட்டியே அறிமுகம் செய்துவைப்பதுதான், என் கருத்தில், வழிகாட்டி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

அடுத்தது கணிதம். விலக்குக் கிடைத்தால் ஒரு பாடம் மிச்சம் என்று மகிழ்கிறோம். ஆனால் அதற்கு அடுத்த பாடம், விலக்குப் பெற்ற பாடத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கும். தொடக்கக் கல்லூரியிலிருந்து (ஜூனியர் காலேஜ்) வந்தவர்கள் உயர்நிலைக் கணிதத்தை ஊன்றிப் படித்திருப்பார்கள். தொழிற்கல்லூரிப் படிப்போ செய்முறைக்கும் திட்டப்பணிக்கும் கூடுதல் இடம் தருவது. எந்தப் பகுதியை இப்போதே திருப்பிப் படிக்க வேண்டும், விடுபட்டதை ஈடுசெய்யும் இணைப்புப் பாடம் எடுப்பது நல்லதா என்பதையெல்லாம் அதே வழியில் சென்ற மூத்த மாணவி கையேட்டைவிடத் தெளிவாகச் சொல்வார். 13 வாரப் பருவத்தில், ஒரு பாடத்தைப் பதிவேட்டில் சுவடின்றிக் கைவிடுவதற்கான அவகாசம் தொடக்க வாரங்களிலேயே முடிந்துவிடும் என்பதால், இந்தப் பேச்சை இடைவிடுமுறை வாரம்வரை தள்ளிப்போடக் கூடாது. கால அட்டவணையை எடுத்துக்கொண்டு, வளாக உணவகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் மூன்றாம் ஆண்டு மாணவி. எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் புதிய மாணவர் பட்டயப் படிப்பையும், ராணுவம் போன்றவற்றில் ஆற்ற வேண்டிய கட்டாயத் தேசிய சேவையையும் முடித்துவிட்டு வந்தவர், என்னைவிட மூத்தவர். அவருக்கு நான் புத்தி சொல்வது சங்கடமாக இருக்கிறது. அண்ணன் என்று அழைக்கலாமா?
- மாணவி, கிளமெண்டி

பதில்: எப்படி அழைப்பது என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் பெயர் சொல்லியே அழைக்கச் சொல்வார். புத்தி சொல்லும் பொறுப்பு உங்களுடையதன்று, தகவல் சொல்வதுதான் உங்கள் வேலை. இரண்டாண்டு சேவையில் ஒரு பிரிவையே வழிநடத்தியவராக இருந்தாலும், பாடப்பதிவு முறை எப்படி இயங்குகிறது, பழைய தேர்வுத் தாள்கள் எங்கே கிடைக்கும், எந்த விரிவுரையாளரை நேரில் சென்று பார்க்கலாம் என்பதெல்லாம் அவருக்குப் புதிதே. ஒரு வரம்பு மட்டும் இருக்கட்டும்: உங்கள் பழைய ஒப்படைப்புகளைக் கொடுத்து உதவ வேண்டாம், கருத்துத் திருட்டு என்று இருவருமே மாட்டிக்கொள்வீர்கள். அவர் தொடர்ந்து வகுப்புக்கு வராமல் போனாலோ மனம் சோர்ந்து தெரிந்தாலோ, நீங்களே தாங்கிக்கொள்ளப் பார்க்காமல், பல்கலைக்கழக ஆலோசகரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வேறு துறையிலிருந்து மாறிவந்த என் மகன் தமிழ் மன்றத்தில் சேரலாமா? படிப்புக் கெடுமோ?
- வாசகர், தோ பாயோ

பதில்: தாராளமாகச் சேரலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவையும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கிய மன்றமும் இருக்கின்றன. நியமிக்கப்பட்ட வழிகாட்டி ஒருவரென்றால், அங்கே பல துறைகளைச் சேர்ந்த மூத்தவர்கள் கேட்காமலே கிடைப்பார்கள். முதல் பருவத்தில் நிகழ்ச்சிகளுக்குச் சென்று வரட்டும். செயற்குழுப் பொறுப்பை மட்டும் தேர்வு முடிவுகளைப் பார்த்தபின் ஏற்றுக்கொள்ளட்டும்.